வண்டிக்கு ஓர் உயிர்

சும்மா உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும், வேறு ஒரு வேலையும் கிடையாது என்று முதல் வருஷம் ஏஜென்ட் வந்து சொன்னபோது சங்ககிரியில் ஒருவரும் நம்பவில்லை. "உக்கார்றதுக்கு லடாக் வரைக்கும் போகோணுமா? இங்கியே உக்காந்துக்கறமே" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரமே பேர் கொடுத்துவிட்டு வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வருஷம் எட்டுப் பேர் மலையடிவாரத்து முகாமில் இறங்கியதும் கம்பெனி சார்பில் மெர்லின் என்ற பெண் அவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். நாகர்கோவில்காரி. தமிழ் பேசுகிற ஆட்கள் என்பதால் அவளைக் கன்ட்ரோல் ரூமில் போட்டிருந்தார்கள்.

"நிக்கிற வண்டியில இன்ஜின் ஓடக் கூடாதுன்னு சட்டம் வந்துட்டு. தெரியும்ல?" என்றாள்.

"நம்மூருல டீசல் வண்டியே இல்லியேம்மா. எல்லாம் பேட்டரி" என்றாள் தங்காயி. ஈரோட்டு ஜவுளிக் கடையொன்றில் பல வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். உட்காருகிற வேலை என்ற ஒரே காரணத்துக்காக வந்தேன் என்று ரயிலில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

"இந்த மலைக் குளிருல பேட்டரி தாங்காதுக்கா. பாதி ஏத்தத்துல படுத்துரும். அதனால இந்த ஒரு ரோட்டுக்கு மட்டும் டீசல் லாரிய விட்டு வச்சிருக்கு. பனி விட்டு ரோடு திறந்தா, அடுத்த பனிக்குள்ள மேல சரக்கு போயிரணும். வண்டி ரெடியா நிக்கணும்."

"நிறுத்தி வெச்சுட்டு, போறப்பக் கெளப்பிக்கறது?" என்று கேட்டான் குழந்தைவேலு. குமாரபாளையத்தில் தறி ஓட்டியவன். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்கக் கூச்சப்படவும் மாட்டான்.

இதற்கு மெர்லின் பதில் சொல்வதற்குள் பழைய லாரி டிரைவர் செங்கோடன் சொன்னார். "கெளம்பாது தம்பி. மார்கழியில தேங்காண்ணெ கட்டிக்குதல்ல? டீசலும் அப்படித்தான். டேங்கியில, பைப்புல, பில்ட்டர்ல எல்லாம் மெழுகாட்டக் கட்டிக்கும். அந்தக் காலத்துல டேங்கிக்கு அடியில துணியக் கொளுத்தி வெச்சு இளக்குவோம். இப்ப நெருப்பு வெச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"அதேதான்" என்றாள் மெர்லின். "ஆனா சட்டத்துல ஒரு சலுகை இருக்கு. வண்டிக்குள்ள ஆள் இருந்து, இன்ஜின நிறுத்தினா அந்த ஆளு குளிருல செத்துருவாருன்னா ஓடலாம்."

எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். முதலில் புரிந்துகொண்டவள் தங்காயிதான்.

"அப்ப எங்களுக்காவ இன்ஜின் ஓடலீங்களா? இன்ஜின் ஓடறதுக்காவ நாங்களா?"

மெர்லின் நல்ல பெண். தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

சட்டம் எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார், பாவம். அதைக் கம்பெனி இப்படித் திருப்பிப் போட்டுக்கொள்ளும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஏமாற்றாமல் இருக்க அரசாங்கம் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பெட்டி பொருத்தியிருந்தது. சீல் வைத்த பெட்டி. சீட்டில் இருக்கிற உடம்பின் சூடு, மூச்சு, நெஞ்சுத் துடிப்பு மூன்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்றும் இருந்தால் பச்சை விளக்கு. ஆள் இறங்கினால் மஞ்சள். காலைக்கடனுக்குப் போய்த் திரும்புகிற அளவுக்குப் பொறுத்துப் பார்க்கும். அதற்கு மேல் போனால் தானே இன்ஜினை அணைத்துவிடும். கீழேயிருந்து மெக்கானிக் வராமல் மறுபடி ஓடாது. மூச்சுப்பெட்டி என்று அதற்குப் பேர் வைத்தது குழந்தைவேலு.

இதில் கொடுமை என்ன என்றால், வண்டிக்கு ஒரு ஆள். மேலே பாதை தொடங்குகிற யார்டில் வரிசையாக நிற்கிற எட்டு லாரிக்கு எட்டுப் பேர். பக்கத்து வண்டியில் போய்ப் பத்து வார்த்தை பேசலாம் என்றால் தன் வண்டி நின்றுபோகும். நாலு மாதம் ஒவ்வொருவரும் தனித்தனிக் கூண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாடு உறைந்த பொட்டலமாகக் கூடவே இருக்கும். ஹீட்டர் மேல் வைத்தால் இளகும். கண்ணாடியெல்லாம் கம்பளி போட்டு மூடியிருக்கும். பேச்சுத் துணைக்கு வயர்லெஸ் செட் ஒன்று. பேசினால் எந்த வண்டியிலிருந்து என்று எல்லாச் செட்டிலும் எண் எரியும்.

செங்கோடனுக்கு இது மூன்றாவது குளிர்காலம். அந்த எட்டுப் பேரில் அவர் ஒருவர்தான் உண்மையான டிரைவர். ஆனால் ஓட்டுகிற டிரைவர் இல்லை. கண்ணில் புரை விழுந்து லைசென்ஸ் போய் வெகுநாளாகிறது. ரோடு திறந்தால் கீழேயிருந்து வேறு பையன்கள் வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். இவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, அதைத் துடைத்து வைத்து, அவர்களிடம் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டத் தெரிந்தவனுக்கு இதைவிட ஒரு தண்டனை வேண்டுமா?

ஆனாலும் வந்தார். முதல் வருஷம் வந்தவர்களில் திரும்ப வந்தவர் அவர் ஒருவர்தான். "அண்ணனுக்கு ஆசை விடலை" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆசையாவது மண்ணாவது. அவருடைய சம்சாரம் இறந்து நாலு வருஷம். மகள் தாராபுரத்தில், அவளுக்கு அவள் பாடு. வீட்டில் காலையில் எழுந்து கதவைத் திறந்தால், ராத்திரி அதே கதவைச் சாத்தும்வரை ஒரு வார்த்தை பேசாமல் கழிகிற நாள்கள் உண்டு. டிவியை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் நிற்பார், வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும் என்று. இங்கே வந்தால் செட் இருக்கிறது. அதில் ஏழு பேர் இருக்கிறார்கள்.

அவருடைய லாரிதான் வரிசையில் முதல். மற்ற ஏழும் பின்னால் நின்றன. அவருக்கு முன்னால் ரோடு, அதற்கு முன்னால் பனி. கண்ணாடிக் கம்பளியை விலக்கினாலும் வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

தினமும் பொழுது சாயும்போது செட்டை எடுப்பார்.

"அர்த்தநாரி?"

"இருக்கறனுங்க."

"தங்காயி?"

"இருக்கறனுங்கண்ணா."

"கொழந்தவேலு?"

"எங்க போறது? இருக்கறனுங்க!"

இப்படி ஏழு பேரையும் கூப்பிட்டு முடிப்பார். முடித்ததும் சாப்பிட்டீர்களா, காலை நீட்டிப் படுங்கள், ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று ஏதாவது சொல்வார். யாரும் அதிகம் பேச்சு வளர்ப்பதில்லை. அதிலும் தை பிறந்த பிறகு தங்காயியைத் தவிர மற்ற எல்லோருடைய பதிலும் இளைப்போடு வந்தது. "ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது?" என்று ஒருநாள் கேட்டார். "உசரமுங்களே, காத்து பத்தலீங்க" என்றான் அர்த்தநாரி. இத்தனை நாளில் பழகியிருக்க வேண்டுமே என்று செங்கோடனுக்குக் கவலையாக இருந்தது. மருந்துப் பெட்டியில் மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

பதில் சொல்லியானதும் செட் ஓய்ந்துவிடும். பிறகு இன்ஜின் சத்தம்தான். தன் வண்டியின் சத்தத்துக்கு அடியில் மற்ற ஏழு வண்டிகளின் சத்தத்தையும் அவர் காது பிரித்துக் கேட்கும். குழந்தைவேலு வண்டி அடிக்கடி ஒரு தும்மல் போடும். தங்காயி வண்டி கனத்த குரல். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார்.

ஒரு சாயங்காலம் குழந்தைவேலு பதில் சொல்லவில்லை.

"கொழந்தவேலு?"

செட் கரகரத்தது.

"டேய் கொழந்தே!"

"தூங்கறாராட்ட இருக்குதுங்கண்ணா" என்றாள் தங்காயி. அன்றைக்கு அவள் குரலிலும் இளைப்பு இருந்தது.

"பொழுதோடயே என்ன தூக்கம்?"

"ஒடம்பு வலின்னு சொன்னாருங்க. இன்ஜின் ஓடுதல்லங்க. ஓடுனா ஆள் நல்லாத்தானுங்க இருக்கோணும்."

அதுவும் சரிதான். தும்மல் போடும் அந்த இன்ஜின் வரிசையின் கடைசியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செங்கோடன் படுத்தார். தூக்கம் வரவில்லை.

காலையில் கூப்பிட்டார். பதில் இல்லை. வெளியே பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். பல் தேய்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். அதற்கப்புறம் பொறுக்க முடியவில்லை. குழந்தைவேலு வண்டிக்கு முந்தைய வண்டி அர்த்தநாரியுடையது. ரெண்டு எட்டு வைத்தால் போய்விடலாம்.

"அர்த்தநாரி, சித்தெ எறங்கிப் போய் அவனப் பாத்துட்டு வா."

அர்த்தநாரி கொஞ்சம் தாமதித்துத்தான், இளைத்துக்கொண்டு பதில் சொன்னான். "கதவு ஒறஞ்சு போச்சுங்க. தெறக்க வரலீங்க."

"நேத்து வெளிய போய்ட்டுத்தானே வந்தே?"

"இன்னிக்குத்தானுங்க இப்படி."

"மனுசனாடா நீ? பக்கத்துல ஒருத்தன் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கறான், கதவு தெறக்க வரலியாமா! உன்ற வீட்டு ஆளுன்னா இப்படிச் சொல்லுவியா?"

தங்காயிதான் இடையில் வந்தாள். "அண்ணா, நீங்க பதறாதீங்க. அவருக்கு ஒண்ணுமில்லீங்க. நாஞ் சொல்றனுங்க."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் செட்டை வைத்துவிட்டாள். என்ன ஜென்மங்கள் இவர்கள்! செங்கோடன் மற்ற செட்டுகளுக்குக் கேட்காத தனி அலைவரிசையில் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டார்.

"எட்டாவது வண்டி பச்சைதான் காட்டுது அண்ணாச்சி" என்றாள் மெர்லின். "சூடு இருக்கு, மூச்சு இருக்கு, துடிப்பு இருக்கு. துடிப்பு கொஞ்சம் வேகமாவே இருக்கு."

"மூச்சு இருக்கறது பெட்டிக்குத் தெரியுது. எந்திரிக்க முடியாமக் கெடக்கறானான்னு தெரியுமாம்மா?"

"அது தெரியாது."

"மலைக் காய்ச்சல் வந்து மண்டையில ஏறிப்போச்சுன்னா? புகை உள்ள எறங்கியிருந்தா? கண்ணு சொருகிக் கெடந்தாலும் பச்சைதானே காட்டும்?"

"காட்டும். ஆனா பச்சை இருக்குற வரைக்கும் ஆள் அனுப்ப மாட்டாங்க அண்ணாச்சி. இந்தக் காத்துல அனுப்பவும் முடியாது."

"அப்ப நான் போறேன்."

"வேண்டாம். முதல் வண்டியில இருந்து கடைசி வண்டிக்கு இந்தப் பனியில போய்ட்டு வர்றதுக்குள்ள உங்க பெட்டி அணைச்சிரும். அணைஞ்சா அப்புறம் ஏப்ரல்தான். உங்களை மறுபடி கூப்பிடவும் மாட்டாங்க. யோசிச்சுக்கிடுங்க."

யோசித்தார். யோசிக்காமல் என்ன? டீசல் வண்டி என்று உலகத்தில் மிச்சமிருப்பவை இந்தப் பாதையில் ஓடுகிறவைதான். இந்த சீட்டை விட்டு இறங்கினால் இனி ஒரு ஸ்டியரிங்கில் கை வைக்கப் போவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த குளிர்காலம் முழுக்க அந்த வீடு, அந்தக் கதவு, அந்த டிவி. ஆனால் இத்தனை நாளாக "எங்க போறது? இருக்கறனுங்க" என்று சொன்னவன் ஒருவன் கடைசி வண்டியில் கிடக்கிறான். அவனை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று இங்கே உட்கார்ந்திருப்பதா?

"கெரகம், போனாப் போகுது" என்று சொல்லிக்கொண்டு குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டார். ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவினார். கதவைத் திறந்து இறங்கினார். பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

காற்று முகத்தில் அறைந்தது. முழங்கால் வரை பனி. லாரிகளின் பக்கவாட்டைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஒவ்வொரு வண்டியும் உள்ளே கம்பளி மூடி, ஆவி படிந்து, உறுமிக்கொண்டு நின்றது. கை மரத்துப்போய்க் கடைசி வண்டிக்கு வந்து சேர்ந்தார். மூச்சு முட்டியது. படியில் ஏறிக் கதவைத் தட்டினார்.

"கொழந்தே! டேய்!"

கதவு பூட்டவில்லை. திறந்தார்.

சீட்டில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

காப்பி நிறத்தில் பெரிய நாய். அங்கே ராணுவ முகாம் ஒன்று இருந்து காலிசெய்து போனபோது விட்டுப்போன நாய்கள் நிறைய உண்டு. ஒரு கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. முன்னால் தட்டில் ரொட்டித் துண்டு. இவரைக் கண்டதும் வாலை ஆட்டியது. மூச்சுப்பெட்டி பச்சையாக எரிந்தது.

குழந்தைவேலுவைக் காணோம். படுக்கையைத் தூக்கிப் பார்த்தார். சீட்டுக்குப் பின்னால் பார்த்தார். அவன் பூட்ஸும் இல்லை. அடப்பாவி, எங்கேயோ இறங்கிப் போய்ப் பனியில் விழுந்துவிட்டான்! அவனுக்குப் பதிலாக இந்த நாய் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது, பெட்டி நாயை மனுசன் என்று எண்ணிவிட்டது! இறங்கி அர்த்தநாரியின் வண்டிக்கு ஓடினார். உறைந்துபோனதாகச் சொன்ன கதவு இழுத்ததும் திறந்தது.

அங்கேயும் நாய்.

இது கறுப்பு. ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

அவர் அதற்கு முந்தைய வண்டிக்குப் போனார். அங்கே ஒரு கிழட்டு நாய், கழுத்தில் யாருடைய மப்ளரோ சுற்றியிருந்தது. அதற்கு முந்தையதில் ஒரு தாயும் குட்டியும். காலையில்தானே பேசினார்கள்? அர்த்தநாரியின் குரலைக் கேட்டுத்தானே திட்டினார்? செங்கோடனுக்குத் தன் புத்திமேல் சந்தேகம் வந்தது. உயரத்தில் ரொம்ப நாள் தனியாக இருந்தால் இல்லாத குரல் கேட்கும் என்று மெர்லின் பாடத்தில் சொல்லியிருந்தாள். ஒருவேளை இங்கே யாருமே இல்லையோ? தினமும் சாயங்காலம் இந்த நாய்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, பதிலையும் தானே சொல்லிக்கொண்டு கிடந்தோமோ? சம்சாரத்தைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்த அன்றைக்குக்கூட அவருக்கு இப்படி ஒரு பயம் வந்ததில்லை. பனிக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதார்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

தங்காயியின் வண்டியிலிருந்து வந்தது. வரிசையில் அது ஒன்றுதான் பின்னால் படுக்கையறை வைத்த நீளக் கூண்டு. செங்கோடன் அதன் கதவுக்குக் கீழே போய் நின்றார். உள்ளே பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். சீட்டுக்கட்டுக் கலைக்கிற சத்தம். இஞ்சி போட்ட டீ வாசம்.

"காலை ஆட்டாதே, கட்டு அவுந்துரும்" என்றாள் தங்காயி.

"பொழுதோட மறுக்கா கூப்புடுவாரே, என்ன பண்றது?" என்றது குழந்தைவேலுவின் குரல். நன்றாகத்தான் இருந்தான். "நேத்து அவர் கூப்புடற நேரமாச்சுன்னு ஓடித்தான் வழுக்கி உழுந்தேன். என்னால என்ற வண்டி வரைக்கும் நடக்க முடியாது."

"முதுகுல தூக்கிட்டுப் போறேன்டா" என்றான் அர்த்தநாரி. "பதில் சொல்லலீன்னா அந்தாளு நேரா மெர்லினுக்குப் போட்டுக் குடுத்துருவாரு. காலையில பாத்தியல்ல? கம்பெனிக் காது அது."

"நாயி வெசயம் தெரிஞ்சா நம்ம எல்லாரையும் மூட்ட கட்ட வெச்சுருவாரு" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள்.

செங்கோடன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தை மாசத்திலிருந்து ஏழு பேரும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். சாயங்காலம் இவர் கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் தங்காயியைத் தவிர மற்றவர்கள் அவரவர் வண்டிக்கு ஓடிப்போய், இளைக்க இளைக்கப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி ஓடிவந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்று காலையில் அர்த்தநாரியும் அப்படித்தான் ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இந்த மலையில் உண்மையாகவே தனியாக உட்கார்ந்திருந்தது அவர் ஒருவர்தான்.

முன்னால், வரிசையின் தலைமாட்டில், அவருடைய இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி நின்றது.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தக் குளிர்ந்த கூண்டில் போய்ப் படுத்துக்கொண்டால் ஒரு வழியாக முடிந்துவிடும். யாரிடமும் போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை. நாய்கள் இருக்கிற வண்டிக்குப் போகலாம், அவையாவது வாலை ஆட்டும். ஆனால் விரல்கள் மரத்துக் கட்டையாகிக்கொண்டிருந்தன. மானம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். உடம்பு ஜெயித்தது. கதவைத் தட்டினார்.

சத்தம் எல்லாம் நின்றது. கதவு திறந்தது. ஏழு பேர் முகமும் அவரைப் பார்த்தன. அப்புறம் தங்காயிதான் "ஐயோ, கையப் பாருங்க" என்று சொல்லி அவரை உள்ளே இழுத்தாள். கையுறையைக் கழற்றி, அவர் விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள்.

"வண்டிய உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றான் குழந்தைவேலு. ஒரு காலில் கிழித்த சேலைத் துணி கட்டியிருந்தது.

"நீ பேசலியே" என்றார் செங்கோடன்.

"எனக்காவவா?"

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டு தானே சொல்ல ஆரம்பித்தான். "நாயி குளுருல நடுங்குச்சுன்னு ஒருநாள் உள்ள ஏத்திக்கிட்டனுங்க. அத மறந்துட்டு இங்க வந்து பேசிட்டே இருந்துட்டேன். அலறி அடிச்சுட்டு ஓடுனா, இன்ஜின் பாட்டுக்கு ஓடுது. பெட்டிக்கு மனுசன் நாயி வித்தியாசம் தெரியலீங்க. மத்தவங்களும் ஒண்ணொண்ணு புடிச்சு வெச்சுக்கிட்டோம்."

"என்கிட்டச் சொல்லலியே."

"எப்படிச் சொல்றது?" என்றாள் தங்காயி. தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெனமும் பொழுதோட ஆள் எண்ணறீங்க. கம்பெனிக்குத்தான் எண்ணறீங்கன்னு நெனச்சுப்போட்டோம். மூணு வருசமா வர்றவரு, முதல் வண்டி வேற."

செங்கோடன் வாயைத் திறந்தார். அதற்குள் செட் கரகரத்தது.

"முதல் வண்டி இன்ஜின் நின்னுட்டு" என்றது மெர்லினின் குரல். "செங்கோடன் அண்ணாச்சி, எங்க இருக்கிய? கேக்குதா? எட்டாவது வண்டியில என்ன ஆச்சு?"

உண்மையைச் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். பெட்டி ஏமாந்த கதையைச் சொன்னால் கம்பெனியே அவரைக் கூப்பிட்டுக் கை குலுக்கும், வண்டி நின்றதை மன்னித்துவிடும். அர்த்தநாரி அவரைப் பார்த்த பார்வையில் அது எழுதியிருந்தது. செங்கோடன் எழுந்து செட்டை எடுத்தார்.

"நாந்தானுங்கம்மா."

"இது தங்காயிக்கா வண்டி எண்ணாச்சே?"

"ஆமாங்க. கொழந்தவேலு நல்லா இருக்கறான். காலுதான் சுளுக்கிக்கிச்சு. அவனப் பாத்த கையோட நான் திரும்பியிருந்தா வண்டி அணையறதுக்குள்ள பாதி வழியாச்சும் போயிருக்கலாம். போகலீங்க. இங்க வந்துட்டேன்."

"ஏன் அண்ணாச்சி?"

இது வரைக்கும் பொய்யை நன்றாகத்தான் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்து ஏதாவது ஒரு காரணம் சொல்ல வேண்டும், தலை சுற்றியது என்றோ வழி தெரியவில்லை என்றோ. நாக்கில் அது வரவில்லை.

"தனியா இருக்க முடியலீங்கம்மா" என்றார். "ஊட்லயும் தனி, இங்கியும் தனி. பொழுதோட இவங்களப் பேரு சொல்லிக் கூப்புடறது எதுக்குன்னு நெனைக்கறீங்க? ஒரு கொரலு கேக்கோணும். என்ற கொரலுக்கு ஒருத்தரு பதிலு சொல்லோணும். அதுக்குத்தானுங்க மூணு வருசமா வர்றேன். இன்னிக்கு முடியல. எறங்கிட்டேன். வேற ஒரு காரணமும் இல்லீங்க."

குரல் உடைந்து கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை. தங்காயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். குழந்தைவேலு கையிலிருந்த சீட்டைக் கீழே போட்டுவிட்டான்.

மெர்லின் சொன்னாள். "நான் இத எழுதித்தான் ஆகணும். அடுத்த வருஷம் உங்களக் கூப்பிட மாட்டாங்க."

"செரிங்க."

"அண்ணாச்சி, இது உங்க ஒருத்தருக்கு மட்டும் இல்ல. இந்த ரோட்டுல மத்த யார்டுலயும் இப்படித்தான் எறங்கி எறங்கி ஓடுதாங்க. மேல பேசிட்டு இருக்காங்க. அடுத்த சீசன்ல இருந்து ஒவ்வொரு வண்டியிலயும் ஆளுக்குத் துணையா ஒரு நாய் விடலாம்னு."

செங்கோடன் செட்டை அணைத்தார். பிறகு குழந்தைவேலு களுக்கென்றான். அது பரவி ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செங்கோடனும் சிரித்தார். எத்தனையோ நாளாயிற்று, அவர் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து. அர்த்தநாரி அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்து, நடுவில் இடம் விட்டு, தன் கம்பளியை எடுத்து அவர் தோளில் போட்டான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆட்களுக்கு அது தெரியாது.

அர்த்தநாரிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினான்.

"ஏனுங்க, நாயி உள்ள வந்துருச்சுன்னா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அவங்களுக்கும் தெரிஞ்சு போகுமல்ல?"

"என்ன தெரியும்?"

"பெட்டிக்கு நாயே போதும்னு. அப்பறம் ஆளு எதுக்கு?"

சீட்டு கலைக்க யாரும் கையை நீட்டவில்லை. சட்டத்தில் மனிதர் என்றுதான் எழுதியிருக்கிறது என்று ஒருவன் சொல்லிப் பார்த்தான். எழுதினதைத் திருப்பிப் படிக்கத் தெரியாதா அவர்களுக்கு என்றாள் தங்காயி. அடுத்த குளிர்காலம் தாங்கள் யாரும் இங்கே இல்லை என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளங்கியது.

செங்கோடன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். வெளியே ஏழு இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்த மெர்லின் புள்ளகிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

"என்னங்கண்ணா?"

"நாயிங்களப் போட்டா ரெண்டு ரெண்டாப் போடச் சொல்லி."